நிமிடத்துக்கு ஆறு விநாடி

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பெல்சி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, அவளுடைய நாத்தனார் ஆன் மேரி முன்பே வந்து தயாராக இருந்தாள். நர்ஸ் உடுப்பில் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் இரண்டு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இசிஜி ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிங்க மதினி. மூணு மணி வரைக்குந்தான் கெடு" என்றாள்.

கெடு விதித்தவர் மதுரை இருதய டாக்டர் அழகுசுந்தரம். முந்தின நாள் மாலை போனில் பேசும்போது அவர் கோபப்படக்கூட இல்லை. அதுதான் பெல்சிக்குப் பயமாக இருந்தது. காரைக்குடியில் படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சுத்துடிப்பு தன் மேசைக்கு ஒரு நிமிடம் பிந்தி வருகிறதென்றால், அதை நம்பி மருந்து சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்றார். வியாழன் மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் இணைப்பைக் கழற்றிவிடலாம் என்று நிதானமாகச் சொல்லி முடித்தார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. செக்காலை ரோட்டிலிருந்த அந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில் இருதய டாக்டர் கிடையாது. படுக்கையருகே இருக்கும் இசிஜி பெட்டியிலிருந்து துடிப்பு ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து மோடம் வழியாக டெலிபோன் லைனில் ஏறி, மதுரையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் வலைக்குப் போய், டாக்டரின் திரைக்கு வந்து சேரும். இந்த 1999-இல் ஜில்லாவிலேயே யாரும் செய்து பார்க்காத வேலை. பெல்சிதான் அதை நிறுவியவள். அதற்காகக் கான்வென்ட் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டிருந்தாள். கோயம்புத்தூரில் மில் வேலையிலிருந்த அவள் கணவன் அருண் ஜோசப், செய்து பார் என்று ஒரே வரியில் கடிதம் எழுதியிருந்தான். "எங்க மதினி செய்வாக" என்று பெரிய டாக்டர் காசிவிஸ்வநாதனிடம் அடித்துச் சொல்லி, அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவள் ஆன் மேரி.

முதல் பதினைந்து நாள் துடிப்பு அப்படியே திறந்தபடிதான் போனது. தாமதம் என்ற பேச்சே இல்லை. ஆனால் வழியில் இருந்தது ஆயிரம் பேர் புழங்கும் கம்பெனி வலை. ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள் நடப்பதை நடுவில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்பதை டாக்டர் அழகுசுந்தரம் ஒப்பவில்லை. ஆகவே பெல்சி காரைக்குடிக்கும் மதுரைக்கும் நடுவே கம்ப்யூட்டர் புரோகிராமாலேயே ஒரு சுரங்கம் அமைத்தாள். இந்த முனையில் எல்லாம் கலைக்கப்பட்டுப் பூட்டப்படும். சாவி அந்த முனையில் மட்டும். நடுவில் பார்ப்பவனுக்கு வெறும் குப்பையாகத்தான் தெரியும்.

பூட்டுப் போட்ட அன்றே தாமதம் ஆரம்பித்தது.

தனி லைனில் இருந்த போனை எடுத்து மதுரையில் டாக்டரின் உதவியாளன் மலையாண்டியைப் பிடித்தாள். இசிஜி பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கோட்டில் சின்னப் பெட்டிபோல ஓர் அடையாளம் விழும். ஆன் மேரி அதை அழுத்த வேண்டும், மதுரைத் திரையில் தெரிந்ததும் மலையாண்டி குரல் கொடுக்க வேண்டும், நடுவில் எத்தனை விநாடி என்று பெல்சி கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

முதல் நிமிடம் ஆறு விநாடி. ஐந்தாவது நிமிடம் முப்பது. பத்தாவது நிமிடம் ஆன் மேரி பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்கும் அளவுக்கு நேரம் போனபிறகுதான் மலையாண்டி வந்துவிட்டது என்றான். முழுசாக ஒரு நிமிடம்.

இராத்திரி மழை பெய்திருந்தது. லைனில் இரைச்சல் இருக்குமோ என்று பெல்சி சந்தேகப்பட்டாள். பூட்டை எடுத்துவிட்டு அதே லைனில் அதே துடிப்பை அனுப்பினாள். ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ஒரு விநாடிக்கு மேல் பிந்தவில்லை. ஆகவே லைன் மேல் குற்றமில்லை. பூட்டும் வேலை கம்ப்யூட்டருக்குப் பாரமோ என்று பார்த்தாள். அதுவோ பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லாமல் சும்மா கிடந்தது. லைன் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, பூட்டும் நன்றாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் சனியன் பிடிக்கிறது.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்தும் பெல்சிக்கு இறங்கவில்லை. காலையில் குறித்த தாளை ஆன் மேரி எடுத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"மதினி, கோளாறுன்னா தாறுமாறால்ல இருக்கணும்? இது ஒரு ஒழுங்கா ஏறுது பாருங்க" என்றாள். "ஆறு, முப்பது, அறுபது. டிரிப்புல ஊசி அடைச்சாலும் இப்படித்தான். மேல நூறு சொட்டு விழும், உள்ள தொண்ணூறுதான் போகும். மிச்சம் பத்து நின்னுரும். அடுத்த நிமிஷம் இன்னொரு பத்து."

பெல்சி அவளையே பார்த்தாள். வருவது அதிகம், போவது கொஞ்சம் குறைவு. மிச்சம் வாசலில் வரிசை கட்டி நிற்கிறது. நேரம் ஆக ஆக வரிசை நீளுகிறது. அந்த எண்களுக்கு வேறு அர்த்தமே இருக்க முடியாது. ஆனால் அதே குழாய்தானே பூட்டாதபோது அத்தனையையும் கொண்டுபோனது?

காலையில் பதிவான ஆன் மேரியின் துடிப்பிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்தாள். பூட்டாமல் அனுப்பினாள். நாற்பது விநாடியில் போய்ச் சேர்ந்தது. பூட்டி அனுப்பினாள். அறுபத்தாறு விநாடி.

ஒரு நிமிடத் துடிப்பு போய்ச் சேர அறுபத்தாறு விநாடி. நிமிடத்துக்கு ஆறு விநாடிக் கணக்கு அச்சாக வந்து நின்றது. பூட்டினால் அளவு பெருத்துவிடுகிறதா என்று பார்த்தாள். இல்லை, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே அளவுள்ள இரண்டு பொதியில் ஒன்று சீக்கிரமும் ஒன்று மெதுவாகவும் போகிறதென்றால், முதல் பொதியை வழியில் யாரோ சின்னதாக ஆக்குகிறார்கள்.

கம்ப்யூட்டர், சுரங்கம், மதுரை என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பார்க்காமல் விட்டது அந்த மோடத்தை மட்டும்தான். பீரோ மேல் கிடந்த அதன் சின்னப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். பதினேழாம் பக்கத்தில் நாலு வரி இருந்தது. வருவதில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால், இந்த மோடம் தானாகவே சுருக்கி அனுப்பும். அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பெல்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

"என்ன மதினி?"

"உன் நெஞ்சு ஒரே மாதிரிதான துடிக்குது ஆனு. அதக் கண்டுபிடிச்சு மோடம் மொதப் பதினஞ்சு நாளும் மடிச்சு மடிச்சு அனுப்பிருக்கு. நான் பூட்டுறேன்னு சொல்லி மொத்தத்தையும் கலைச்சு விட்டுட்டேன். கலைச்சு விட்டதுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே, அது எத மடிக்கும்?"

"அப்ப பூட்டக் கழட்டணுமா?"

"வேணாம். முதல்ல நாம மடிச்சிருவோம். அப்புறமாப் பூட்டுவோம்."

ஆன் மேரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வார்டுப் போர்வைகளை மடிக்காமல் பெட்டியில் திணித்தால் மூடி சாத்தாது என்பது அவளுக்குத் தினப்படி அனுபவம்.

சுரங்கத்தைக் கிளப்பும் கட்டளையோடு ஒற்றை எழுத்தைச் சேர்த்தால், பூட்டுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் சுருக்கிக்கொள்ளும். மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டதற்கு மருந்து அந்த ஓர் எழுத்துதான். மலையாண்டியைக் கூப்பிட்டு அவன் பக்கத்தையும் நிறுத்தித் திரும்பக் கிளப்பச் சொன்னாள். ஆன் மேரி மறுபடி ஸ்டூலில் ஏறி ஒயர்களை மாட்டிக்கொண்டாள்.

முதல் நிமிடம் ஒரு விநாடி. மூன்றாவது நிமிடம் ஒரு விநாடி. ஐந்தாவது நிமிடம் பொத்தானை அழுத்திய கை எழும்புவதற்குள் மலையாண்டி வந்துவிட்டது என்று கத்தினான். அவனுக்கே நம்பிக்கை வராமல், மறுபடி அழுத்தச் சொன்னான்.

எட்டாவது நிமிடத்தில் வெளியே அம்பாசிடர் கார் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஒக்கூரிலிருந்து கருத்தையா என்ற விவசாயியைத் தூக்கி வந்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வயலில் நின்றவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கி, ஒன்றரை மணி நேரமாக நிற்கவே இல்லை. சட்டை நனைந்து, முகம் வெளுத்து, மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தார். ஆன் மேரி தன் கையிலிருந்த ஒயர்களைப் பிடுங்கி அவர் கையில் மாட்டினாள். திரையில் துடிப்பு நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து என்று காட்டியது.

டாக்டர் காசிவிஸ்வநாதன் கோட்டையே உற்றுப் பார்த்தார். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மதுரைக்குக் காரில் அனுப்பினால் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். துடிப்பு இருதயத்தின் மேலறையிலிருந்து கிளம்புகிறதென்றால் அதற்கு ஊசி இருக்கிறது. கீழறையிலிருந்து கிளம்புகிறதென்றால் அதே ஊசி ஆளை முடித்துவிடும். சரியாகவே போட்டாலும் சொட்டுச் சொட்டாக, துடிப்பைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். எப்போது நிறுத்துவது என்று சொல்ல அதைத் தினமும் பார்க்கிற கண் வேண்டும்.

அவர் பெல்சி பக்கம் திரும்பினார்.

"நம்பலாமாம்மா?"

எட்டு நிமிடச் சோதனைதான் கையில் இருந்தது. அந்த எட்டு நிமிடத்தையும் பெல்சி ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கணக்கு இடறவில்லை.

"நம்பலாம் டாக்டர். ஆனா நிமிஷத்துக்கு ஒருக்கா அடையாளம் போட்டுச் சரிபார்த்துச் சொல்லிக்கிட்டே இருப்பேன். ரெண்டு விநாடி பிந்துச்சுன்னா நானே நிறுத்தச் சொல்லிருவேன்."

அவர் தலையசைத்தார்.

மதுரையில் டாக்டர் அழகுசுந்தரமே போனுக்கு வந்தார். நீளமான கயிறுள்ள அந்தப் போனைப் பெல்சி காதில் அணைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றாள். அவர் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டியது அவள் வேலை. தன் வாயில் ஒரு விநாடிகூட வீணாகிவிடக் கூடாது என்பதிலேயே அவள் கவனம் இருந்தது. திரையில் அடையாளம் விழுந்த கணமே அவர் பார்த்தேன் என்றார். பத்து விநாடியில் முடிவு வந்தது. மேலறைதான், ஊசியைத் தொடங்கலாம், மிக மெதுவாக என்றார்.

காசிவிஸ்வநாதன் நாடியைப் பிடித்துக்கொண்டார். ஆன் மேரி நரம்பில் ஊசியை ஏற்றி, கட்டை விரலால் அரிசி அளவு அரிசி அளவாக அழுத்தினாள். இருநூற்றுப் பத்து. இருநூற்று ஐந்து. பெல்சி அடையாளப் பொத்தானை அழுத்தினாள், ஒரு விநாடி. இன்னும் கொஞ்சம் என்றார் மதுரைக்காரர். இருநூறு. மறுபடி அடையாளம், ஒரு விநாடி. கருத்தையாவின் மனைவி ஒச்சம்மாள் வாசலில் நின்று சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் யாரோ நின்றார்கள். பெல்சி திரும்பிப் பார்க்கவில்லை.

"நிறுத்து" என்றது காதில் குரல்.

"நிறுத்து ஆனு."

ஆன் மேரியின் கட்டை விரல் அந்த இடத்திலேயே நின்றது. ஊசியில் பாதி மருந்து மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகுதான் பெல்சி திரையைப் பார்த்தாள். கோடு நீளமாக, வெறுமையாகப் போயிற்று. ஒரு விநாடி. இரண்டு விநாடி. அப்புறம் ஒரு துடிப்பு எழும்பியது. இடைவெளி விட்டு இன்னொன்று. அதன்பின் நின்று நிதானித்து ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தது. எண்பத்தெட்டு.

டாக்டர் அழகுசுந்தரம் நீளமாக மூச்சு விடுவது போனில் கேட்டது. இன்னும் அரை நிமிடம் மருந்து ஏறியிருந்தால் இருதயம் திரும்பாமலே நின்றிருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதைப் பெல்சி யாரிடமும் சொல்லவில்லை. நேற்றைய சுரங்கமாக இருந்திருந்தால் அந்த 'நிறுத்து' எவ்வளவு பிந்தி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பயம் வந்தது; ஆனால் பயம் மட்டுமில்லை. நெஞ்சு முட்டச் சந்தோஷம் ஏறிக்கொண்டு வந்தது.

கருத்தையா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

"மோட்டார அமத்திட்டீகளா தாயி?" என்று ஆன் மேரியைக் கேட்டார். "அப்பாடி. காது அடைச்சுப் போச்சு."

ஒச்சம்மாள் அழவும் சிரிக்கவும் தொடங்கினாள். அவளைத் தோளில் தட்டி உள்ளே அனுப்பிய வெள்ளை வேட்டிக்காரர் அப்போதுதான் பெல்சிக்குத் தெரிந்தார். அவளுடைய மாமனார் ஞானசேகர்.

அவர் எதற்கு வந்தார் என்பது பெல்சிக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆன் மேரியை நேரத்தோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். சிங்கம்புணரி மாப்பிள்ளை ஜோசப் ராஜின் வீட்டார் அன்று மாலை ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போகக் கூடாது. ஆன் மேரி அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததையே எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போனில் டாக்டர் அழகுசுந்தரம் இன்னும் வைக்கவில்லை. ஊசி போட்டது யார் என்று கேட்டார். பெல்சி சொன்னாள். இனிமேல் தேவகோட்டை, சிவகங்கை, பரமக்குடி என்று இன்னும் மூன்று ஊரை இதேபோல இணைக்கப் போவதாகச் சொன்னார். பெல்சிக்கு அங்கே வேலை இருக்கிறது. அதோடு, அந்த ஊர்களின் நர்சுகளைப் பழக்க இந்தப் பெண் வேண்டும். அடுத்த மாதம் முதல் ஆறு மாதம் மதுரையில் இருக்க வேண்டும். இப்போதே கேட்டுச் சொல்ல முடியுமா?

பெல்சி மாமனாரை ஒருமுறை பார்த்துவிட்டு, வாயருகே இருந்த முனையைக் கையால் பொத்திக்கொண்டு ஆன் மேரியிடம் விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் கலந்துகொண்டு நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டாள்.

ஆன் மேரி ஊசித் தட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். அப்பா வாசலில் நிற்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"வாரேன்னு சொல்லுங்க மதினி."

"ஆனு, மாமா..."

"கேக்கட்டும். அதுக்குத்தான் சத்தமாச் சொல்றேன். வாரேன்னு சொல்லுங்க."

பெல்சி கையை எடுத்துவிட்டு, வருகிறாள் டாக்டர் என்றாள். போனை வைத்தாள்.

ஞானசேகர் உள்ளே வந்தார். முப்பது வருடம் சாக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். வீட்டில் குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவர். கட்டிலில் படுத்திருந்த கருத்தையாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வெளியூருக்கு ஒரு போன் போட வேண்டும், போடலாமா என்று காசிவிஸ்வநாதனிடம் கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துத் தானே எண்ணைச் சுழற்றினார். சிங்கம்புணரி எண் என்பது பெல்சிக்குத் தெரிந்தது.

ஆன் மேரி பெல்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞானசேகர் பேசுறேன். கிளம்பிட்டீகளா?" என்றார் அவர். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "நல்லதாப் போச்சு. கிளம்ப வேண்டாம். நாங்க அங்குட்டு வாரோம். பெயர் கொடுக்குறதுக்கு முன்னால எம்மக ஒரு விஷயம் சொல்லணும். அவ வாயாலயே சொல்லட்டும்."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். அவர் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி, நாலேகால் பஸ்ஸுக்கு வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"அவுக அம்மாவா?" என்றாள் ஆன் மேரி.

"இல்ல. மாப்பிள்ளைதான் எடுத்தாரு" என்றார் ஞானசேகர். முதல்முறையாக மகளின் கண்ணைப் பார்த்தார். "வீட்டுக்கு வர வேண்டாமாம். பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேங்கிறாரு. உங்கிட்டச் சொல்றதுக்கு அவருக்கும் ஒண்ணு இருக்காம், அவுக அம்மா காதுல விழுகாம."